ரோலில் ஒரு படம் பாக்கி

ஓசூரிலிருந்து தளிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை லூர்து அக்கா போன் செய்தாள்.

"செவ்வாக்கெழம பெங்களூருல ஆபரேசன், சவரி. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க. நீ நாளைக்கே வந்துடு. வரப்ப உன் மவன் வாங்கிக் குடுத்தானே, அந்தக் கேமராவ எடுத்துக்கினு வா."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? என்னை ஒரு போட்டோ எடுக்கத்தான்."

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. எங்கள் கத்தோலிக்க ஜனங்களில் பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், பூசையில் நன்மை அப்பம் வாங்குவார்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கிற அட்டையில் போடவும், கல்லறையில் பதிக்கவும் ஒரு நல்ல முகம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் ரிட்டயர் ஆன அன்று மகன் கொடுத்த கேமரா அது. ஏழு மாதமாக மாதா சுரூபத்துக்குக் கீழே, பீரோவில், பிரிக்காத பெட்டியில் கிடந்தது. "மாதாவுக்குக் காவலா வெச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி ஸ்டெல்லா வாரம் ஒருமுறையாவது கேட்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிளம்பினேன். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டை, கம்பெனி கொடுத்த ஷூ. முப்பத்திரண்டு வருடம் லேத்திலும் பிறகு இன்ஸ்பெக்ஷனிலும் நின்ற கால். இரும்பு மூக்கு வைத்த ஷூ இல்லாவிட்டால் வெறுங்காலோடு தெருவில் நடப்பது போலக் கூசும்.

"ஊருக்குப் போறீங்களா, ஷிப்டுக்குப் போறீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மத்திகிரி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. எங்கள் பக்கம் காற்றில் எப்போதும் ஒரு எண்ணெய் வாசனை, சுட்ட இரும்பின் வாசனை இருக்கும். இங்கே முட்டைக்கோசும் ஈர மண்ணும் மணத்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தமிழ் பேசுகிற ஒருவர் இறங்கினால் கன்னடம் பேசுகிற இருவர் ஏறினார்கள். தொழிற்சாலையில் பழகிய காதுக்குக் கன்னடம் சிரமமில்லை. பின் சீட்டில் ஒரு அம்மாள் தன் கணவரிடம், "ராகி அறுப்புக்கு ஆள் வரமாட்டேங்குது, ஆனை மட்டும் கூப்பிடாம வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மடியில் கேமராப் பை. அது இரண்டு கிலோகூட இருக்காது. எனக்கு மட்டும் ஏதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போலத் தொடை மரத்துப்போனது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேருவதற்கு முன் ஓசூரில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கினேன். எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்தால் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றி உறவுகள் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டூடியோக்காரர் உடனே கிடைக்கமாட்டார். நான் கிடைப்பேன். புண்ணியமாகப் போகட்டும் என்று சும்மாவே எடுத்துக் கொடுத்தேன். அப்படியே பழகி, உயிரோடு இருப்பவர்களை நான் எடுப்பதே நின்றுபோனது. கல்யாணத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கேமராவோடு நான் தெருவில் வந்தால், "யாருப்பா போயிட்டாங்க?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியவர் அடக்கத்தில் முப்பத்தைந்து படம் எடுத்தேன். ரோலில் ஒன்று பாக்கி. அதை முடித்தால்தான் கழுவக் கொடுக்கலாம். அந்த வீட்டார் ஏழாம் நாளுக்குள் படம் வேண்டும் என்றார்கள். மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் சின்னப்பன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோலை முடிக்க அவரை ஒன்று எடுத்தேன். படம் எடுத்து எட்டு நாள் கழித்துத் தளி ரோட்டில் லாரி மோதி மாமா போய்விட்டார். அவர்கள் மகன் அருள் அப்போது ஒரு வயதுக் குழந்தை.

நெகட்டிவ் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் பெட்டிக்குள் பெரியவர். அதை ஒட்டிய கடைசிக் கட்டத்தில் மாமா. அன்றைக்கே கேமராவை விற்றேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

தளியில் வேறு பஸ் மாறினேன். ஜவளகிரிப் பக்கம் போகிற வண்டி. இருட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. காட்டை ஒட்டிய ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இஞ்சினையும் அணைத்துவிட்டார்.

"யாரும் எறங்காதீங்க. பேசாதீங்க," என்றார் கண்டக்டர்.

ரோட்டுக்கு இடதுபுறம் ராகிக் கொல்லை. அதில் பாறைகள் என்று நான் நினைத்தவை நகர்ந்தன. ஐந்தோ ஆறோ. ஒன்று ரோட்டின் நடுவில் வந்து எங்களைப் பார்த்து நின்றது. பஸ்ஸில் இருந்த முப்பது பேரின் மூச்சும் எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் என் பையைத் தொட்டு, "கேமரா தானே சார்? எடுங்க. இப்படி வாய்க்காது," என்று கிசுகிசுத்தார்.

கண்டக்டர் திரும்பினார். "ஐயா, அந்த லைட்டு பளிச்சுன்னு அடிச்சுதுன்னு வையுங்க, அது யாரு எடுத்தாங்கன்னு கேட்டுக்கினு நேரா இங்கதான் வரும். பைய மூடுங்க."

ப்ளாஷை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியாது. பையை மூடிவிட்டேன். ஜெபமாலையைச் சட்டைப்பைக்குள்ளேயே உருட்டினேன். இருபது நிமிடம் கழித்து ஆனை தானாகப் போனது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எனக்கோ ஆனையைப் பார்த்த பயத்தைவிட, படம் எடுக்காமல் தப்பித்தோமே என்கிற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அக்கா வீட்டில் களியும் மொச்சைக் குழம்பும். ஓசூரில் களி கிளறினால் பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். இந்தக் குளிருக்கு அந்தச் சூட்டு உருண்டை வயிற்றுக்குள் கணப்பு மூட்டியது போல இருந்தது. அக்கா உப்பில்லாத ஒரு கஞ்சியைக் குடித்தாள். நாலு வாய்க்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

எதிர்ச் சுவரில் மாமா. மொபெட்டை வெட்டிவிட்டு, மார்பளவுக்குப் பெரிதாக்கிய படம். கீழே சிவப்பு பல்பு. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் அப்படித்தான் நான் உட்காருகிறேன்.

சனிக்கிழமை காலை அக்கா குளித்து, பச்சைச் சேலை கட்டி, தயாராக இருந்தாள்.

"பனி இருக்குதுக்கா. வெளிச்சம் பத்தாது," என்றேன்.

"சரி. பத்து மணிக்கு?"

"பாக்கலாம். முதல்ல நான் கொஞ்சம் பழகிக்கிறேன்."

மேட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தேன். செவந்தி, கோசு, அதற்கு மேலே முற்றிய ராகி. பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு புங்க மரத்தை எடுக்கலாம் என்று நின்றேன். ஸ்டூடியோ முதலாளி அந்தக் காலத்தில் கற்றுக்கொடுத்தபடி மரத்திலிருந்து அடி வைத்து எண்ணிப் பின்னால் வந்தேன். பத்து அடி. இந்தக் கேமராவுக்கு அது தேவையே இல்லை, தூரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கால் பழக்கம் விடவில்லை. எடுத்தேன். பாக்கெட் நோட்டில் தூரத்தையும் வெளிச்சத்தையும் எழுதினேன். அடுத்து ஒரு வரப்பு. இருபது அடி. எழுதினேன்.

நிமிர்ந்தபோது நாலு பேர் நின்றார்கள். மூன்று பேர் கையில் அரிவாள். அறுப்பை விட்டு வந்திருக்கிறார்கள். முன்னால் நின்றவர் கன்னடத்தில் கேட்டார், "யார் அனுப்பினாங்க?"

"யாரும் இல்லீங்க. சும்மா வந்தேன்."

"அடி வெச்சு அளந்த. நோட்டுல எழுதின. போட்டோ புடிச்ச. மூணையும் பண்ணிட்டு சும்மா வந்தேன்ற?"

இன்னொருவர் என் ஷூவையும் சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனி எழுத்தையும் காட்டி, "கம்பெனி ஆளு. சந்தேகமே வேணாம்," என்றார்.

முன்னால் நின்றவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "பத்து அடி, இருபது அடி" என்று தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தார். அதையே அவர் மறுபடி மறுபடி படித்ததைப் பார்த்த பிறகுதான் அவர் என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. "என் பொண்ணக் குடுத்த ஊருலயும் இப்படித்தான். மொதல்ல ஒருத்தன் வந்து போட்டோ எடுத்தான். அப்புறம் கம்பெனிக்குன்னு அளந்து கல்லு நட்டாங்க. இப்ப அங்க கொல்ல இல்ல."

லூர்தம்மாவின் தம்பி என்று தமிழில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன். அவர்களில் ஒரு பெண் நம்பாமல், கேட்டுவிட்டே வருகிறேன் என்று இறங்கிப் போனாள்.

திரும்பி அவள் மட்டும் வரவில்லை. அக்காவும் வந்தாள். பத்துப் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மேட்டில் அக்கா பச்சைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவருகிறாள். "அங்கயே நில்லுக்கா" என்று கத்தினேன். நிற்கவில்லை. எங்களுக்குப் பத்து அடி தூரத்தில் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு கருநீலமாக இருந்தது. மார்பு தனியாக ஏறி இறங்கியது.

கேமராவைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அரிவாளைப் போட்டுவிட்டு, நோட்டை வாங்கியவரும் ஓடினார், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பத்து நிமிடம் ஆனது. அக்காவின் மூச்சு கொஞ்சம் அடங்கியது.

"கிட்டப்பா," என்றாள் அவரைப் பார்த்து. "இவன் என் தம்பி. இவன் அளந்து ஒரு கல்லு நட்டான்னா அது ஊரு கெணத்துலதான் விழும்."

கிட்டப்பா சிரிக்கவில்லை. நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஷூவ மாத்துங்க சாமி," என்றார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இப்ப வெளிச்சம் இருக்குதில்ல? எடு."

"வேணாம்க்கா."

"ஏன்?"

நான் கேமராவுக்கு மூடியைப் போட்டேன்.

"உங்க மாமனை நீ கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கிறியா?"

இருபத்தாறு வருடம் யாரிடமும் சொல்லாததை அவள் எப்படிக் கண்டாள் என்று தெரியவில்லை. என் கண் நிறைந்துவிட்டது.

"முதுகக் காட்டிக்கினே களி தின்றவன் மனசுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்க கல்யாணத்துல எடுத்ததெல்லாம் கூட்டம்டா. அவரு மூஞ்சி எங்க இருக்குதுன்னு தேடணும். நீ அந்த ஒண்ண எடுக்கலன்னா அருளுக்கு அப்பன் மூஞ்சியே கெடையாது. அதக் காட்டித்தான் அவனுக்கு அப்பான்னு சொல்லக் கத்துக் குடுத்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. பயம் இல்லன்னு யாரு சொன்னா? இதுல ரோலு எத்தன பாக்கி?"

"ரோலே கெடையாதுக்கா. ரெண்டாயிரத்துச் சொச்சம் எடுக்கலாம்னு காட்டுது."

"அப்புறம் ஏன்டா கடைசிப் படம் எடுக்கிற மாதிரி தயங்கற?"

எடுத்தேன். அடி வைத்து எண்ணவில்லை. வரப்பில் உட்கார்ந்து, ஒரு கை மார்பில் வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா. உதட்டில் அந்த நீலம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

அமுக்கிய விரலை எடுக்கும்போதே அந்தப் பழைய நெகட்டிவ் பட்டை கண்முன் வந்தது. ரோல் இல்லாவிட்டால் என்ன, இந்தக் கேமராவிலும் இதுதானே இப்போது கடைசிப் படம்? நல்லவேளையாகக் கிட்டப்பா பக்கத்தில் வந்தார். "எடுத்ததுதான் எடுத்தீங்க, என்னையும் என் கொல்லையோட ஒண்ணு எடுங்க. நாளைக்கு எவனாவது இது உன்னுது இல்லன்னா காட்டுறேன்." தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ராகிக்கு நடுவில் நின்றார். எடுத்தேன். அக்கா கடைசி இல்லை என்று மனம் ஆறியது. உடனே இன்னொரு பயம். கிட்டப்பாவுக்கும் மிஞ்சினால் ஐம்பத்தைந்து வயதுதான். பக்கத்தில் ஒரு பாறை கிடந்தது. அதை எடுத்தேன். பாறைக்கு ஒன்றும் ஆகாது.

அப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பது வயதிலோ ஐம்பது வயதிலோ ஆசைப்பட்டு எடுக்காத படத்தை எல்லாம், அறுபது வயதில் பயத்தினால் எடுத்தேன். அன்று மாலைக்குள் செம்பு, கயிற்றுக் கட்டில், செவந்திக் கூடை, பூனை. பூனையை எடுத்துவிட்டு, அதற்கும் உயிர் உண்டே என்று உலக்கையை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார் அக்காவுக்கு எண்ணெய் தொட்டு நோயிற்பூசுதல் கொடுத்தார். நான் தனியாகப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இது மூடநம்பிக்கை தானே சாமி?"

"ஆமா," என்றார். "விசுவாசம் இருக்கிறவனுக்குப் பயம் இல்லன்னு பிரசங்கத்துல சொல்லுவேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிற ஆளுகிட்ட அப்படிச் சொல்லமாட்டேன். ஜெபமாலைய விடாம எடுத்துக்கங்க."

திங்கட்கிழமை அருள் கார் ஓட்டினான். ஆனேக்கல் வழி. மாநில எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை, போர்டில் எழுத்து மட்டும் மாறியது. வழியில் தட்டைத் தட்டையாக இட்லி சாப்பிட்டோம். ஓசூர் இட்லியில் மூன்று அதில் ஒன்றுக்குள் போய்விடும். அக்கா ஒரு விள்ளல் வாயில் வைத்து, "வந்தப்புறம் முழுசா திங்கணும்," என்றாள். கடைக்காரரின் இட்லித் தட்டை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவளை உள்ளே கொண்டுபோகுமுன் கழுத்துச் சங்கிலி, ஜெபமாலை, செருப்பு மூன்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சங்கிலியையும் ஜெபமாலையையும் அருள் வாங்கிக்கொண்டான். செருப்பு என் கையில் நின்றது. பச்சை வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது.

ஆறு மணி நேரம் வெளியே இருந்தோம். அருள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் வாசலுக்கும் டீக்கடைக்கும் நடந்தேன். டீ கிளாஸ், ஆட்டோவின் கைப்பிடி, குழாய், புறா உட்காராத கம்பி. யாராவது மனிதர் குறுக்கே வந்து படத்தில் விழுந்துவிட்டால் உடனே பெஞ்சின் மேல் வைத்திருந்த செருப்பை எடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி தன் மகளிடம் கன்னடத்தில், "பாவம், அவருக்கும் தலைக்கு ஏதோ டோக்கன் கொடுத்திருக்காங்க போல," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர். ஆனாலும் சில நாள் போகவேண்டும் என்றார். எனக்குக் கணக்கு வேறு. சனிக்கிழமை எடுத்த படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு எட்டு நாள், மாமாவுக்கு ஆன அதே கணக்கு.

புதன் கண் விழித்தாள். வியாழன் குழாயை எடுத்தார்கள். வெள்ளி வார்டுக்கு வந்தாள். சனி இரவு நான் தூங்கவில்லை. ஞாயிறு காலை அருள் என்னைக் கோயிலுக்குப் போகச் சொன்னான். போகவில்லை. வார்டு வாசலில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நின்றேன்.

பதினொரு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "கேமராவக் குடு. எப்படி வந்திருக்குதுன்னு பாக்கறேன்," என்றாள். குரல் காற்றுப் போல வந்தது. எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். குழாய். கம்பி. செருப்பு. டீ கிளாஸ். செருப்பு. செருப்பு.

"என்னடா இது? நான் இருக்கிறது ஒண்ணு. என் செருப்பு நாப்பது இருக்குது."

அவள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். வரப்பில் உட்கார்ந்த படத்துக்கு வந்தாள், அங்கிருந்து திரும்ப முன்னால் தள்ளினாள், கிட்டப்பா, அதற்கு அடுத்ததாகப் பாறை. பாறையில் நிறுத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எட்டா?"

தலையாட்டினேன்.

நர்ஸ் வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கவேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள். அக்கா காலைக் கீழே தொங்கவிட்டாள். தரை ஜில்லென்று இருந்திருக்கும்.

"அந்தச் செருப்பக் கையில வெச்சு அழகு பாத்தது போதும். கீழ போடு," என்றாள்.

போட்டேன். குனிந்து வாரை மாட்டிவிட்டேன். எழுந்து நின்றாள், ஒரு கை கட்டிலில், ஒரு கை நர்ஸின் தோளில்.

"இப்ப எடு."

இங்கே கேமரா கூடாது என்றாள் நர்ஸ். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு," என்றாள்.

ஒன்றே ஒன்று எடுத்தேன். அதற்குப் பிறகு செருப்பை எடுக்கவில்லை, கட்டிலை எடுக்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்து மூடினேன். அக்கா அடுத்த அடியை வைத்தாள்.